ரிப்பீட்டர் கன்ட்ரோலரும் ரேடியோ செட்டும் ஒத்துப்போக மறுத்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் இரண்டு பழைய மொபைல் செட் (போன் இல்லை, வண்டியில் மாட்டும் ரேடியோ), நடுவில் ஒரு கன்ட்ரோலர் பெட்டி, கீழே ஒரு பேட்டரி. இதுதான் ரிப்பீட்டர்: ஒரு செட் கேட்பதை இன்னொரு செட் வேறு அலைவரிசையில் மறுபடி அனுப்பும், நடுவில் இருக்கும் கன்ட்ரோலர் இரண்டையும் இயக்கும். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறிய பிறகு நாள்கணக்கில் கரண்டும் இல்லை, செல்போனும் இல்லை. அப்போது பிடித்த பைத்தியம் இது. இப்போது கோரிமேட்டிலிருந்தும் நெய்வேலியிலிருந்தும் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்கள் போன் போட்டு, "சார், கன்ட்ரோலர் வேலை செய்யலை" என்று ஆரம்பிக்கிறார்கள். கன்ட்ரோலர் பெரும்பாலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அதற்கும் செட்டுக்கும் நடுவில் ஓடுகிற ஒரு முழ ஒயரில்தான் வினை. ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிப்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாம் மாட்டிவிட்டேன், எதுவும் சரியில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

மாட்டியதைக் கழற்றுவதிலிருந்து.

கன்ட்ரோலருக்குப் போகிறவை ஐந்தே கோடுகள். ஒன்று கிரவுண்ட். ரிசீவரில் யாரோ பேசுகிறார்கள் என்று தகவல் சொல்வது சிஓஆர். சிலர் அதையே சிஓஎஸ் என்பார்கள், சில செட்டின் புத்தகத்தில் ஸ்கெல்ச் அவுட் என்று இருக்கும் (ஸ்கெல்ச் என்பது சிக்னல் இல்லாதபோது ஸ்பீக்கரின் இரைச்சலை அடைக்கும் கதவு). ரிசீவரிலிருந்து வரும் ஆடியோ மூன்றாவது, டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் ஆடியோ நான்காவது. டிரான்ஸ்மிட்டரை ஓட வைக்கும் பிடிடி ஐந்தாவது. ஐந்தையும் ஒரே நேரத்தில் மாட்டி, ஒரே நேரத்தில் திருகாணிகளைத் திருப்பினால் எது எதைக் கெடுத்தது என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

டிரான்ஸ்மிட் செட்டில் ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோட் (அலையைக் காற்றில் விடாமல் விழுங்கிச் சூடாகும் ரெசிஸ்டர்) மாட்டுங்கள். கன்ட்ரோலர் பிளக் வெளியே இருக்கட்டும். ஒரு துண்டு ஒயரால் பிடிடி பின்னைக் கிரவுண்டில் தொடுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் பிடிடி பாஸ். அடுத்து ரிசீவ் செட்டின் சிஓஆர் பின்னில் மல்டிமீட்டரை வைத்து, யாரும் பேசாதபோது எத்தனை வோல்ட், ஹேண்டியில் (கையடக்க செட்டில்) பிடிடி அழுத்தும்போது எத்தனை வோல்ட் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இந்த இரண்டு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போன் செய்தால் எனக்கும் பாதி வேலை மிச்சம். ஆடியோவைக் கடைசியில் பார்க்கலாம்.

யாருமே பேசவில்லை. டிரான்ஸ்மிட்டர் மட்டும் நிற்காமல் ஓடுகிறது.

கன்ட்ரோலர் பக்கத்துப் பிளக்கில் சிஓஆர் ஒயரை மட்டும் உருவுங்கள். நின்றுவிட்டதா? அப்படியானால் சிஓஆர் தலைகீழாக இருக்கிறது. சில செட்டில் சிக்னல் வந்தால் அந்தப் பின் 5 வோல்ட்டுக்கு ஏறும், சிலவற்றில் பூஜ்யத்துக்கு இறங்கும். கன்ட்ரோலரில் இதற்கென்று ஒரு ஜம்பரோ மெனுவோ இருக்கும், மாற்றிப் போட்டால் தீர்ந்தது. ஒயரை உருவியும் நிற்கவில்லை என்றால், உள்ளீடு அந்தரத்தில் தொங்குவதால்கூட அப்படி ஆகலாம். 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை 5 வோல்ட்டுக்குப் போட்டுப் பாருங்கள்.

மொபைல் செட்டுக்கு இவ்வளவுதான். ஹேண்டியை டிரான்ஸ்மிட்டராக வைத்தவர்களுக்கு வேறொரு கண்ணி இருக்கிறது. பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி பையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். ஹேண்டியின் பக்கவாட்டில் 3.5 மில்லிமீட்டர், 2.5 மில்லிமீட்டர் என்று இரண்டு ஜாக், கென்வுட் வகை என்று சொல்வோமே, அது. பிளக்கைச் செருகிய நொடியே செட் டிரான்ஸ்மிட்டுக்குப் போய்விடுகிறது. கன்ட்ரோலருக்கு கரண்டே கொடுக்கவில்லை, அப்போதும்! தம்பி கன்ட்ரோலரை மாற்றியிருக்கிறார், செட்டையும் மாற்றியிருக்கிறார். ஒயரை மட்டும் மாற்றவில்லை.

இந்த வகை ஜாக்கில் பெரிய பிளக்கின் அடிப்பகுதி மைக்கின் கிரவுண்ட், சிறிய பிளக்கின் அடிப்பகுதி ஸ்பீக்கரின் கிரவுண்ட். பெயரில் இரண்டும் கிரவுண்ட், ஆனால் ஒன்றல்ல. இரண்டையும் சேர்த்தால் அதுதான் பிடிடி. ஸ்பீக்கர் மைக்கின் பட்டனை அழுத்தும்போது உள்ளே நடப்பதும் அதுவேதான். தம்பி, நல்ல பிள்ளையாக, கிரவுண்ட் என்று எழுதியிருந்த இரண்டையும் கன்ட்ரோலரின் ஒரே கிரவுண்டில் பற்ற வைத்திருந்தார். சிறிய பிளக்கின் கிரவுண்டை மட்டும் பொதுவாக வைத்துக்கொண்டு, பெரிய பிளக்கின் அடியை பிடிடி டிரான்சிஸ்டரின் கலெக்டருக்குக் கொண்டுபோய், மைக் ஆடியோவை ஒரு சின்ன 600க்கு 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வழியாக விட்டோம். காபி ஆறுவதற்குள் முடிந்த வேலை.

பேசினால் ரிசீவ் செட்டின் விளக்கு எரிகிறது. கன்ட்ரோலர் கண்டுகொள்ளவே இல்லை.

தாளில் எழுதிய இரண்டு எண்ணைப் பாருங்கள். ஒருமுறை எனக்கு வந்த எண்கள் 0.3, 2.1. மனிதக் கண்ணுக்கு இது நல்ல வித்தியாசம். ஆனால் 5 வோல்ட்டில் ஓடும் சிமாஸ் ஐசிக்கு 3.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் அது 'ஹை' என்று உறுதி. 2.1 என்பது அதற்கு இரண்டும் கெட்டான். சில நாள் எடுக்கும், சில நாள் எடுக்காது, வெயில் ஏறினால் ஒரு மாதிரி, மழை நாளில் வேறு மாதிரி.

இதற்கு மருந்து ஒரு பிசி547 டிரான்சிஸ்டர். சிஓஆர் கோட்டை 10 கிலோஓம் வழியாக பேஸுக்குக் கொடுங்கள். எமிட்டர் கிரவுண்டில். கலெக்டர் கன்ட்ரோலரின் சிஓஆர் உள்ளீட்டில், அங்கிருந்து 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோஓம் புல்லப். 0.3 வோல்ட்டில் டிரான்சிஸ்டர் தூங்கும், 0.7ஐத் தாண்டினால் விழித்துக்கொள்ளும், கலெக்டர் பூஜ்யத்துக்கு விழும். கன்ட்ரோலரை 'லோ' வந்தால் வேலை செய்யும்படி அமைத்துக்கொள்ளுங்கள். சிஓஆர் பின்னே இல்லாத பழைய செட்டில் பிஸி விளக்கின் காலிலிருந்தும் இதே முறையில் எடுக்கலாம். பேஸ் ரெசிஸ்டரை மட்டும் 47 கிலோஓம் ஆக்குங்கள், இல்லாவிட்டால் விளக்கு மங்கும்.

மோட்டரோலா ஜிஎம்300 வகையில் 8ஆம் பின்னில் எதுவும் மாறவில்லை என்றால் ஒயரைக் குறை சொல்லாதீர்கள். அந்தப் பின் என்ன வேலை செய்ய வேண்டும் என்பதை புரோகிராமிங் மென்பொருளில்தான் சொல்ல வேண்டும்.

அதே ஜிஎம்300தான். பின்பக்கப் பிளக்கைக் கழற்றியதும் செட் ஊமையாகிவிட்டது. போய்விட்டதா?

போகவில்லை. 16 பின் பிளக்கில் 15ஐயும் 16ஐயும் இணைக்கும் ஒரு சின்னத் துண்டு ஒயர் இருந்தால்தான் உள் ஸ்பீக்கர் பேசும். நீங்கள் கழற்றியது அதைத்தான்.

டிரான்ஸ்மிட்டர் ஓடுகிறது, வெறும் காற்றுதான் போகிறது. குரல் இல்லை.

ஒரு பழைய இயர்போனை எடுத்து, 1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றைத் தொடராகப் போட்டு, ரிசீவ் ஆடியோ பின்னில் தொட்டுக் கேளுங்கள். பிறகு கன்ட்ரோலரின் வெளியீட்டில். குரல் எந்த இடத்தில் தொலைகிறதோ அங்கே குற்றவாளி. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் ஆசிலாஸ்கோப்பைவிட இந்த இயர்போன் எனக்கு அதிகம் உழைத்திருக்கிறது.

ஆடியோவை ஸ்பீக்கர் ஜாக்கிலிருந்து எடுக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல மொபைல் செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு காலுமே ஆம்ப்ளிஃபயரிலிருந்து வருபவை, எதுவும் கிரவுண்ட் கிடையாது. ஒன்றைக் கிரவுண்டில் பற்ற வைத்தால் ஆடியோ ஐசி புகைந்துவிடும். அப்படி ஒரு ஐசியை நானே அனுப்பி வைத்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். தவிர, ஸ்பீக்கர் ஆடியோ வால்யூம் குமிழைப் பொறுத்தது. வீட்டில் யாராவது சத்தம் தாங்காமல் குறைத்துவிட்டால் உங்கள் ரிப்பீட்டர் ஊர் முழுவதற்கும் ஊமையாகிவிடும்.

குரல் வருகிறது, ஆனால் தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டியது மாதிரி இருக்கிறது. நண்பருடையதில் நேர்மாறாக, பானைக்குள்ளிருந்து பேசுவது மாதிரி.

இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

எஃப்எம் குரல் டிரான்ஸ்மிட்டரில் உயர் சுருதிகள் வேண்டுமென்றே தூக்கப்படுகின்றன. 300 ஹெர்ட்ஸிலிருந்து 3,000 ஹெர்ட்ஸ் வரை, அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல். இதுதான் பிரீ-எம்ஃபசிஸ். ரிசீவரில் அதே அளவு இறக்கிவிடுவார்கள், அது டி-எம்ஃபசிஸ். ஏற்றியதும் இறக்கியதும் கழிந்து, குரல் குரலாக வரும். வழியில் சேர்ந்த இரைச்சல் மட்டும் அடங்கும்.

ரிப்பீட்டரில் இந்தக் கணக்கு நடுவழியில் உடைகிறது. ரிசீவரில் இரண்டு இடங்களில் ஆடியோ எடுக்கலாம். டிஸ்கிரிமினேட்டரில் (எஃப்எம்மிலிருந்து ஆடியோவைப் பிரிக்கும் இடத்தில்) எடுத்தால் இன்னும் இறக்கப்படாத, அதாவது ஏற்றிய நிலையிலேயே இருக்கும் ஆடியோ கிடைக்கும். இதைத்தான் ஃபிளாட் ஆடியோ என்பார்கள். ஸ்பீக்கர் பக்கம் எடுத்தால் இறக்கியது கிடைக்கும். டிரான்ஸ்மிட்டரிலும் இரண்டு வாசல். மைக் வாசலில் நுழைந்தால் மறுபடி ஏற்றுவார்கள், ஃபிளாட் வாசலில் நுழைந்தால் உள்ளதை உள்ளபடி அனுப்புவார்கள். ஃபிளாட்டில் எடுத்து மைக்கில் கொடுத்தால் இரண்டு தடவை ஏற்றம், அதுதான் தகர டப்பா. ஸ்பீக்கரில் எடுத்து ஃபிளாட்டில் கொடுத்தால் இறக்கியதை யாரும் ஏற்றவில்லை, அதுதான் பானை. ஃபிளாட்டுக்கு ஃபிளாட், ஸ்பீக்கருக்கு மைக். இந்த இரண்டு ஜோடிதான் சம்பந்தம் பேசலாம்.

ஜிஎம்300 பிளக்கில் 2ஆம் பின் மைக், 5ஆம் பின் ஃபிளாட். 6 பின் மினி டின் டேட்டா ஜாக் உள்ள ஹாம் செட்டில் 1 உள்ளீடு, 2 கிரவுண்ட், 3 பிடிடி, 4 ஃபிளாட் வெளியீடு, 5 இறக்கப்பட்ட வெளியீடு, 6 ஸ்கெல்ச். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. 1ஆம் பின் எந்த வாசலாக நடந்துகொள்ளும் என்பதை மெனுவில் 1200, 9600 என்று இருக்கும் டேட்டா வேகத் தேர்வுதான் (1200 மைக் வாசல் மாதிரி, 9600 ஃபிளாட் வாசல்) முடிவு செய்கிறது. யேசு (Yaesu) கம்பெனி செட்டுகள் பலவற்றில் 1200க்கு 40 மில்லிவோல்ட் போதும், 9600க்கு 2 வோல்ட் வேண்டும். ஐம்பது மடங்கு வித்தியாசம். மெனுவை மறந்துவிட்டு "ஆடியோ ரொம்பக் கம்மி" என்றோ "காது கிழிகிறது" என்றோ வருகிறவர்கள் அநேகம்.

எனக்கு ஃபிளாட்டுக்கு ஃபிளாட்தான் பிடிக்கும், குரல் மாற்றமில்லாமல் போகும். ஆனால் மைக் வாசலில் ஒரு லிமிட்டர் காவல் இருக்கும், ஃபிளாட் வாசலில் பெரும்பாலும் அந்தக் காவல் இருக்காது. உரத்த குரல்காரர் ஒருவர் வந்தால் பக்கத்துச் சேனல் வரை சிதறும். அளவை நீங்கள்தான் கட்டுப்படுத்த வேண்டும்.

டிடிஎம்எஃப் கட்டளை (ஹேண்டியின் எண் பட்டன் சத்தத்தால் கன்ட்ரோலருக்குத் தரும் உத்தரவு) சில எண்களுக்கு மட்டும் வேலை செய்கிறது. நட்சத்திரம் எப்போதும் எடுக்கிறது, 3 எடுப்பதே இல்லை. ஹேண்டியில் பட்டன் தேய்ந்துவிட்டதா?

அருமையான கேள்வி. போன கேள்வியின் தம்பிதான் இது. ஒவ்வொரு எண்ணும் இரண்டு சுருதி சேர்ந்தது. நட்சத்திரம் 941, 1209 ஹெர்ட்ஸ், இரண்டும் அருகருகே. 3 என்பது 697, 1477. இடைவெளி ஒரு ஆக்டேவுக்கும் மேல். ஏற்றிய ஆடியோவை அப்படியே டிகோடருக்குக் கொடுத்தால் நட்சத்திரத்தில் மேல்சுருதி சுமார் 2 டெசிபல்தான் முந்தும், 3இல் 6 டெசிபலுக்கு மேல் முந்தும். எம்டி8870 போன்ற சிப் இரண்டு சுருதியும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. ஓரளவுக்கு மேல் ஏற்றத்தாழ்வு இருந்தால் தள்ளிவிடும். அளவும் எகிறிச் சிதைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். டிகோடருக்குப் போகும் கிளையில் மட்டும் டி-எம்ஃபசிஸ் செய்யுங்கள். கன்ட்ரோலரில் பெரும்பாலும் அதற்கு ஒரு ஜம்பர் இருக்கும். பட்டனைச் சுரண்டாதீர்கள்.

சர்வீஸ் மானிட்டர் (ரேடியோ சோதனைக் கருவி) வாங்க வசதியில்லை. டீவியேஷனை (ஆடியோவால் அலைவரிசை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதை) எப்படிச் சரியாக வைப்பது?

ஆர்டிஎல் டாங்கிள் (கணினியின் யுஎஸ்பியில் செருகும் ரேடியோ ரிசீவர்) ஒன்று இருந்தால் போதும். ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. எஃப்எம்மில், டீவியேஷனைச் சுருதியின் அதிர்வெண்ணால் வகுத்தால் 2.405 வரும் இடத்தில் நடுக் கேரியர் மாயமாகிவிடும். சக்தி எல்லாம் பக்கப் பட்டைகளுக்குப் போய்விடும். ஆகவே போனில் ஒரு செயலியை வைத்து 1,247 ஹெர்ட்ஸ் சுருதியைக் கன்ட்ரோலர் வழியாக அனுப்புங்கள். டிரான்ஸ்மிட்டரின் சிடிசிஎஸ்எஸ்ஸை (குரலுக்கு அடியில் கூடவே போகும் தாழ்ந்த டோனை) அந்த நேரத்துக்கு அணைத்து வையுங்கள். கணினித் திரையில் அகலத்தைக் குறுக்கி நடுக்கோட்டைப் பார்த்தபடி, ஆடியோ அளவைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். நடுக்கோடு முதல்முறை அமிழ்ந்து காணாமல் போகும் இடம் 3 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷன். முதல்முறை என்பது முக்கியம், இன்னும் ஏற்றினால் மறுபடி வரும், மறுபடி போகும். 25 கிலோஹெர்ட்ஸ் சேனலில் உச்சம் 5ஐத் தாண்டக்கூடாது என்பதால், சாதாரணப் பேச்சுக்கு 3இல் வைப்பது நல்ல இடம்.

கன்ட்ரோலரின் வெளியீடு வோல்ட் கணக்கில், மைக் உள்ளீடு 10 மில்லிவோல்ட் கணக்கில் என்றால் பிரீசெட்டை (ஆடியோ அளவைத் திருப்பும் திருகாணியை) மூலையில் வைத்துத் தவிக்காதீர்கள். தொடரில் 100 கிலோஓம், மைக் பக்கம் கிரவுண்டுக்கு 1 கிலோஓம். நூறில் ஒன்றாகக் குறைந்துவிடும். பிரீசெட் அதன் நடுவில் சுகமாகச் சுற்றும்.

'உம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கூடவே வருகிறது.

சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் பவர் சப்ளை. தடித்த 100 ஹெர்ட்ஸ் உறுமல் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் சப்ளையின் ஃபில்டர் கண்டென்சர் காய்ந்துவிட்டது. மெல்லிய விசில் என்றால் எஸ்எம்பிஎஸ்.

பேட்டரியிலும் நிற்கவில்லை, டிரான்ஸ்மிட் ஆகும்போது மட்டும் ஏதோ ஒட்டிக்கொள்கிறது என்றால் கிரவுண்ட் ஒயரைப் பார்க்க வேண்டும். 40 வாட் செட் கிட்டத்தட்ட 10 ஆம்பியர் இழுக்கும். நெகட்டிவ் ஒயரின் தடை 0.02 ஓம் இருந்தாலே 0.2 வோல்ட் அதில் விழுகிறது. மைக் சிக்னலோ 10 மில்லிவோல்ட். ஆடியோவின் கிரவுண்டும் பவரின் நெகட்டிவும் ஒரே ஒயரில் பயணம் செய்தால், இருபது மடங்கு பெரிய முரடனோடு பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்த மாதிரி. தடித்த நெகட்டிவை நேராக பேட்டரிக்கு இழுங்கள். ஆடியோவுக்கு ஷீல்டு ஒயர் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் 600க்கு 600 டிரான்ஸ்ஃபார்மர்.

5 வாட்டில் தங்கமாக இருக்கிறது. 40 வாட்டுக்கு ஏற்றினால் டிரான்ஸ்மிட்டர் பிடித்தபிடி விட மாட்டேன் என்கிறது.

ரேடியோ அலை ஒயர் வழியாகத் திரும்பி கன்ட்ரோலருக்குள் நுழைகிறது. 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2 மீட்டருக்குச் சற்று மேல், கால் அலை சுமார் 52 சென்டிமீட்டர். உங்கள் கன்ட்ரோலர் கேபிள் எவ்வளவு நீளம்? அரை மீட்டர்தானே? நீங்கள் போட்டிருப்பது கேபிள் இல்லை, அருமையான ஆன்டெனா.

ஆனால் அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள். டம்மி லோடில் 40 வாட் ஓட்டுங்கள். டம்மி லோடில் சரியாகி ஆன்டெனாவில் மட்டும் சிக்கிக்கொண்டால் அலை காற்று வழியாக வருகிறது. கன்ட்ரோலர் பிளக்கில் ஒவ்வொரு பின்னிலிருந்தும் கிரவுண்டுக்கு 102 என்று எழுதிய செராமிக் கண்டென்சர், காலை ஒட்ட வெட்டி, கேபிளில் ஃபெரைட், பெட்டி பிளாஸ்டிக் என்றால் உலோகத்துக்கு மாற்றம். பவரை ஏற்றும்போது இன்னொரு பூதமும் வரும்: டிரான்ஸ்மிட்டர் உங்கள் ரிசீவரையே செவிடாக்குவது. நம் 2 மீட்டர் ரிப்பீட்டரில் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ்தான், டியூப்ளெக்ஸர் (ஒரே ஆன்டெனாவில் இரண்டு செட்டையும் பிரித்து வைக்கும் ஃபில்டர்) கொஞ்சம் நகர்ந்தாலும் போதும். அப்போது டிரான்ஸ்மிட்டர் சிக்கிக்கொள்ளாது. தூரத்து ஆளின் சிக்னல் டக் டக்கென்று விட்டு விட்டு வரும், பக்கத்துத் தெரு ஆளுக்குப் பிரச்சினையே இருக்காது. அதற்கு ஒயரில் வைத்தியம் கிடையாது.

'கடலூர்' என்று சொன்னால் 'லூர்' என்றுதான் போகிறது.

ரிசீவர் ஹேண்டியாக இருந்தால் பேட்டரி சேவ் வசதியை அணையுங்கள். அது இயங்கும்போது செட் விட்டுவிட்டுத்தான் காது கொடுக்கும். அதன் மேல் சிடிசிஎஸ்எஸ் டிகோட் செய்ய ஒரு நொடியில் கால்வாசி, டிரான்ஸ்மிட்டர் எழும்ப இன்னும் கொஞ்சம். எல்லாம் சேர்ந்தால் இரண்டு எழுத்து காலி. மீதியைப் பழக்கத்தில் சரி செய்ய வேண்டியதுதான்: பட்டனை அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, பிறகு பேசுவது.

பேசி முடித்த பிறகு இரண்டு செட்டும் மாறி மாறி 'கிளிக், கிளிக்' என்று தாங்களாகவே பேசிக்கொள்கின்றன.

கடலூரையும் புதுச்சேரியையும் லிங்க் பண்ணுகிறேன் என்று, ஒரே செட்டை அனுப்பவும் வாங்கவும் வைத்து இரண்டை முதுகோடு முதுகு கட்டினால் இது வரும். முதல் செட் டிரான்ஸ்மிட்டிலிருந்து ரிசீவுக்குத் திரும்பும் கணத்தில் அதன் ஸ்கெல்ச் ஒரு இமைப்பொழுது திறக்கும். கன்ட்ரோலர் அதை ஆள் பேசுவதாக எடுத்துக்கொண்டு இரண்டாவது செட்டை ஓட்டும். அது திரும்பும்போது முதலாவதை ஓட்டும். விடிய விடிய ஆடும். பிடிடி விழுந்த பிறகு 200 முதல் 300 மில்லிசெகண்ட் வரை அந்தச் செட்டின் சிஓஆரைக் கன்ட்ரோலர் பொருட்படுத்தக்கூடாது என்று அமையுங்கள். செட்டில் ஸ்கெல்ச் டெயில் எலிமினேஷன், ரோஜர் பீப் போன்ற அலங்காரங்கள் இருந்தால் அவற்றையும் அணையுங்கள்.

டோன் (சிடிசிஎஸ்எஸ்) போட்டிருக்கிறேன். இருந்தும் டோன் இல்லாத ஆட்கள் நுழைகிறார்கள். டோன் உள்ள நம் ஆட்களுக்கோ எதுவும் கேட்கவில்லை.

முதல் பாதி: உங்கள் செட்டின் ஸ்கெல்ச் பின் கேரியரை மட்டும் பார்க்கிறது, டோனைப் பார்ப்பதில்லை. ஸ்பீக்கர் திறக்காமல் இருந்தாலும் பின் மாறும். டோனையும் சேர்த்துப் பார்க்கும் பின் இருக்கிறதா என்று புத்தகத்தில் தேடுங்கள், அல்லது கன்ட்ரோலரிலேயே டிகோட் செய்யுங்கள். இரண்டாம் பாதி: ஸ்பீக்கர் ஆடியோவில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவதால் வந்த டோன் அங்கேயே செத்துவிடும். டிரான்ஸ்மிட் செட்டில் எந்த டோன் வேண்டுமோ அதைத் தனியாக என்கோட் போடுங்கள்.

ஆறு மாதம் பிரமாதமாக ஓடியது. எதையும் தொடவில்லை. இப்போது தட்டினால் வேலை செய்கிறது, விட்டால் நிற்கிறது.

நீங்கள் தொடவில்லை, கடல் தொட்டிருக்கிறது. தேவனாம்பட்டினம் பக்கம் வீடு என்றால் ஜன்னல் கம்பிக்கு என்ன ஆகிறது என்று பார்த்திருப்பீர்களே, அதேதான் 25 பின் பிளக்குக்குள்ளும் நடக்கிறது. போன ஐப்பசியில் என்னுடையதையே பிரித்தேன். வெளியே பார்க்கப் பளபளவென்று இருந்த பிளக். உள்ளே சிஓஆர் ஒயர் பற்றவைத்த இடத்தில் துத்தம் பூத்த மாதிரி பச்சைப் பொடி. விரலால் இழுத்ததும் ஒயர் கையோடு வந்துவிட்டது. பிளாஸ்டிக் உறையை ஒரு அங்குலம் சீவிப் பார்த்தேன், உள்ளே செம்பு கறுத்திருந்தது. இன்னும் ஒரு அங்குலம், அப்போதும் கறுப்பு. ஷீல்டின் பின்னல் வழியாக ஈரம் திரி போல ஏறியிருக்கிறது. அந்தக் கேபிளைக் காப்பாற்ற முயலாமல் தூக்கிப் போட்டேன்.

இப்போது செய்வது இது. தகரம் பூசிய ஒயர் கிடைத்தால் அதுதான், முலாம் போட்ட பின் உள்ள பிளக், பற்ற வைத்த பிறகு ஃபிளக்ஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவுவது, ஹீட் ஷ்ரிங்க், பிளக்குக்குள் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு, தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். வருஷத்துக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியில் எல்லாப் பிளக்கையும் கழற்றி மாட்டுவேன். கழற்றி மாட்டும்போது பின்கள் உரசிக்கொள்வதே ஒரு சுத்தம்.

பெட்டியின் ஓட்டைகளையும் அடையுங்கள். பல்லி புகுந்து முட்டையிட்ட கன்ட்ரோலர் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். முட்டையால் பிரச்சினை இல்லை. பிடிடி டிரான்சிஸ்டர் மேல் பாலம் போட்ட தாய்ப்பல்லியால்தான்.

கன்ட்ரோலர் பெட்டியே இல்லை, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் ஸ்விஎக்ஸ்லிங்க் என்ற ரிப்பீட்டர் மென்பொருளை ஓட்டுகிறேன். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

ஒயருக்குத் தெரியாது மறுமுனையில் என்ன இருக்கிறது என்று. அதே ஐந்து கோடுதான். சிஎம்108 சிப் உள்ள யுஎஸ்பி சவுண்டு கார்டு என்றால் வால்யூம் குறைக்கும் பின்னை சிஓஆருக்கும், 13ஆம் காலில் இருக்கும் ஜிபிஐஓவை பிடிடிக்கும் பயன்படுத்துவது வழக்கம். நேரடியாகச் செட்டில் மாட்டாமல் டிரான்சிஸ்டரோ ஆப்டோகப்ளரோ நடுவில் போடுங்கள். கார்டின் தானியங்கி கெயின் கட்டுப்பாட்டை அணைக்க மறக்காதீர்கள்.

இதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டுமா?

வேண்டும். ஹாம் உரிமம் மத்திய அரசின் டபிள்யூபிசி பிரிவு தருவது, நம் 2 மீட்டர் பட்டை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ். ரிப்பீட்டர் வைப்பதற்குத் தனி அனுமதி. உரிமம் உள்ளவர்கள் அந்த அனுமதி வரும்வரை டம்மி லோடில் விளையாடலாம்.

எல்லாம் பார்த்துவிட்டேன். கன்ட்ரோலரேதான் போய்விட்டது என்று எப்படி உறுதி செய்வது?

இரண்டு செட்டையும் கழற்றிவிட்டு, கன்ட்ரோலருக்கு 12 வோல்ட் மட்டும் கொடுங்கள். 12 வோல்ட்டிலிருந்து 1 கிலோஓம், ஒரு எல்இடி, அங்கிருந்து பிடிடி வெளியீடு. சிஓஆர் உள்ளீடு 'லோ'வுக்கு அமைந்திருந்தால் துண்டு ஒயரால் கிரவுண்டில் தொடுங்கள். எல்இடி எரிந்து, ஒயரை எடுத்த சில நொடிகளில் அணைந்தால் கன்ட்ரோலர் நிரபராதி, மறுபடி முதல் கேள்விக்குப் போங்கள்.

எரியவே இல்லை, அல்லது அணையவே இல்லை என்றால் முதலில் பிடிடி டிரான்சிஸ்டரைச் சந்தேகியுங்கள். என்னிடம் வந்தவற்றில் உண்மையிலேயே செத்துப்போன கன்ட்ரோலர்கள் பெரும்பாலும் அந்த ஒரே இடத்தில்தான் செத்திருந்தன. காரணமும் ஒன்றுதான்: பழைய செட்டுக்காகவோ ஃபேனுக்காகவோ பிடிடி கோட்டில் ஒரு ரிலேயைத் தொங்கவிட்டிருப்பார்கள், டயோடு போட்டிருக்க மாட்டார்கள். ரிலே விடும்போது காயில் எழும் வோல்டேஜ் அந்தச் சின்ன டிரான்சிஸ்டரைத் துளைத்துவிடும். டிரான்சிஸ்டரை மாற்றிவிட்டு, ரிலே காயின் இரண்டு காலுக்கும் குறுக்கே ஒரு 1என்4007 போடுங்கள். வெள்ளிக்கோடு போட்ட முனை 12 வோல்ட் பக்கம்.